சீ சால்ட்டா, ரெயின்வாஷ்டா? டர்பன் வீட்டுச் சுவருக்கு இரண்டு பச்சைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஒரு ஹார்டுவேர் கடையில், பெயிண்ட் கலக்கும் மெஷினுக்குப் பின்னால் நின்று 14 வருடம் ஆகிவிட்டது. உள்ளே தமிழ் பேசுகிற ஆள் ஒருவன் இருக்கிறான் என்று தெரிந்தபின், ஊரிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்கள், கோயில் குருக்கள், இங்கே இந்தியர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் தலைமுறைகளாக இருந்தும் தமிழை விடாதவர்கள் என்று பலரும் நேராக என் மேசைக்கே வருகிறார்கள். வந்ததும் போனை நீட்டுவார்கள். அதில் அமெரிக்காவில் எங்கோ ஒரு வீட்டின் அறை. கீழே இரண்டு பெயர்களில் ஒன்று: சீ சால்ட் அல்லது ரெயின்வாஷ்டு. இரண்டும் ஷெர்வின்-வில்லியம்ஸ் என்ற அமெரிக்க பெயிண்ட் கம்பெனியின் நிறங்கள். ஒன்று வெளிர்பச்சை, இன்னொன்று வெளிர் நீலப்பச்சை. எது நல்லது, எது எந்த அறைக்கு என்று ஒரே கேள்விகளுக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன்.

இரண்டும் ஒரே கலர் மாதிரித்தானே இருக்கின்றன? அப்படி என்ன வித்தியாசம்?

தனித்தனியாகக் காட்டினால் நானே சில சமயம் மாற்றிச் சொல்லிவிடுவேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெரிந்துவிடும். சீ சால்ட் சாம்பல் கலந்த பச்சை. அரிசி களைந்த தண்ணீரில் கறிவேப்பிலைக் கொத்து ஒன்றின் நிழல் விழுந்தது போல இருக்கும். ரெயின்வாஷ்டு, நீலம் எட்டிப் பார்க்கிற பச்சை. புடவைக் கடையில் மயில் கழுத்து என்று எடுத்துப் போடுவார்களே, அதை 50 தடவை துவைத்து வெயிலில் காயப்போட்டால் என்ன மிஞ்சுமோ அது. (பட்டை யாரும் 50 தடவை துவைக்க மாட்டார்கள். ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.)

எண்ணில் பார்த்தால்தான் நம்புவேன் என்கிறவர்களுக்கு: கணினித் திரைக்கான மதிப்பில் சீ சால்ட்டுக்குச் சிவப்பு 205, பச்சை 210, நீலம் 202. ரெயின்வாஷ்டுக்கு 194, 205, 197. இரண்டிலும் பச்சைதான் முதலில் நிற்கிறது. இரண்டாவது இடத்தைப் பாருங்கள். சீ சால்ட்டில் சிவப்பு இரண்டாவது. அதனால் அந்தப் பச்சை கொஞ்சம் மஞ்சள் பக்கம் சாய்ந்து மண்வாசனையோடு இருக்கிறது. ரெயின்வாஷ்டில் நீலம் இரண்டாவது. சண்டையெல்லாம் இந்த இரண்டாம் இடத்துக்குத்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பெரிய எண்ணுக்கும் சின்ன எண்ணுக்கும் இடைவெளி ஒன்றில் 8, மற்றதில் 11. அந்த அளவுகோல் 0 முதல் 255 வரை போகிறது. அதாவது இரண்டிலும் நிறம் என்று இருப்பதே ஒரு சிட்டிகைதான். கிளிப்பச்சை அடித்தால் காலையிலும் கிளிப்பச்சை, மாலையிலும் கிளிப்பச்சை. இவை அப்படி இல்லை. அறைக்குள் எந்த வெளிச்சம் வருகிறதோ அதன் பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும்.

அடியில் ஒளிந்திருக்கும் நிறத்தைக் கடையிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். பிள்ளையின் ஜாடை பிடிபடாவிட்டால் பாட்டனைப் பார்க்க வேண்டும். சீ சால்ட்டின் எண் எஸ்டபிள்யூ 6204. ஷேடு கார்டில் அதே வரிசையில் கீழே போகப் போக நிறம் அடர்த்தியாகி 6208 பியூட்டர் கிரீன், 6209 ரைப் ஆலிவ் என்று பாசிபடிந்த கரும்பச்சையில் முடியும். ரெயின்வாஷ்டு 6211. அதன் பட்டை 6214 அண்டர்சீஸ், 6215 ராக்கி ரிவர் என்று ஆழக்கடல் நிறத்தில் போய் இறங்கும். வெளிர் நிறத்தில் தெரியாத குணம் அடர் நிறத்தில் பளிச்சென்று தெரியும். எந்தக் கம்பெனி ஷேடு கார்டுக்கும் இதே வித்தைதான்.

எல்ஆர்வி 63, 59 என்று போட்டிருக்கிறதே?

சுவர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தரும் என்ற அளவு. முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 100. சீ சால்ட் 63, ரெயின்வாஷ்டு 59. அந்த 4 புள்ளிக்காக யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

தெற்கு பார்த்த அறையில் சீ சால்ட் இதமான பச்சையாக ஒளிரும் என்று அமெரிக்கப் பக்கங்கள் சொல்கின்றன. எங்கள் படுக்கையறையும் தெற்குதான். அடித்துவிடலாமா?

நில்லுங்கள். நான் விழுந்த குழி இதுதான்.

2016இல் என் வீட்டுப் படுக்கையறைக்கு நானும் அதையே படித்துவிட்டு சீ சால்ட் அடித்தேன். பெயிண்ட் கடையில் வேலை பார்க்கிறவன், எனக்கு யார் சொல்லித் தரவேண்டும் என்ற திமிர். ஜனவரியில் அடித்தபோது நன்றாகத்தான் இருந்தது. ஜூன் வந்தது. ஒரு நாள் மத்தியானம் என் மனைவி வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, “பூச்சு வேலை முடிந்து வெள்ளையடிக்கக் காசில்லாமல் விட்டது போல இருக்கிறது” என்றாள். பச்சை இருந்த இடம் தெரியவில்லை. சுத்தமான சிமெண்டு நிறம்.

காரணம் இதுதான். அமெரிக்காவும் ஐரோப்பாவும் பூமத்திய ரேகைக்கு வடக்கே இருக்கின்றன. அங்கே சூரியன் தெற்கு வானத்தில் போகிறது. ஆகவே அவர்களுக்குத் தெற்கு அறைதான் வெயில் அறை, வடக்கு அறை நிழல் அறை. டர்பன் சுமார் 30 பாகை தெற்கே இருக்கிறது. இங்கே நண்பகல் சூரியன் வருடம் முழுவதும் வடக்கில்தான். டிசம்பரில் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே, 83 பாகை உயரத்தில் நிற்கும். ஜூனில் 37 பாகைக்கு இறங்கிவிடும். அப்போது வடக்கு ஜன்னல் வழியாக வெயில் இரண்டரை மீட்டருக்கு மேல் உள்ளே வந்து தரையில் படுக்கும். தெற்கு ஜன்னலில் எட்டிக்கூடப் பார்க்காது. டிசம்பர், ஜனவரியை ஒட்டிய கோடை மாதங்களில் மட்டும் காலையிலும் மாலையிலும் சாய்ந்து உள்ளே வரும். நான் ஜனவரியில் அடித்து ஏமாந்தது அதனால்தான்.

வெயில் வராத ஜன்னலில் வருவது வானத்து வெளிச்சம். அது நீலம். அந்த நீலத்தில் சீ சால்ட்டின் கொஞ்சநஞ்ச மஞ்சள் சாய்வு கரைந்து சாம்பல் மட்டும் மிஞ்சுகிறது. ரெயின்வாஷ்டு அதே அறையில் இன்னும் நீலமாகும். ஆனால் ‘இது ஒரு நிறம்’ என்று சொல்லும்படி நிற்கும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது சட்டென்று பிடிபடாது. தமிழ்நாட்டில் சூரியன் வருடத்துக்கு இரண்டு முறை நேர் தலைக்கு மேலேயே வந்து போகிறது. தெற்கு, வடக்கு என்ற பேதம் அங்கே இவ்வளவு உறைப்பதில்லை. சந்தேகம் இருந்தால் நண்பகலில் முற்றத்தில் நின்று உங்கள் நிழலைப் பாருங்கள். இங்கே அது தெற்கே விழும். நிழல் விழும் பக்கத்து அறை நிழல் அறை, அவ்வளவுதான். வெளிநாட்டுப் பக்கங்களில் ‘வடக்கு’ என்று வரும் இடத்தில் எல்லாம் ‘தெற்கு’ என்று மாற்றிப் படியுங்கள். ஜோஹன்னஸ்பர்க், கேப் டவுன் ஆட்களுக்கும் இதே கணக்குத்தான். கேப் டவுனில் ஜூன் சூரியன் இன்னும் தாழ்ந்து 33 பாகையில் போகும்.

சாட்ஸ்வொர்த் வீடுகளில் இன்னொரு சிக்கல். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குரூப் ஏரியாஸ் சட்டத்தால் பெயர்த்து எடுக்கப்பட்ட குடும்பங்களுக்கு 1960களில் மேட்டிலும் சரிவிலும் வரிசையாகக் கட்டிய வீடுகள் அவை. இவருக்கு வடக்கு, அவருக்குத் தெற்கு என்று யாரும் பார்த்துக் கொடுக்கவில்லை. பல வீடுகள் இரண்டிரண்டாக ஒட்டியவை, ஒரு பக்கச் சுவரில் ஜன்னலே கிடையாது. ஆகவே ஒட்டு வீட்டுக்காரர் சீ சால்ட் அடித்து அழகாக இருக்கிறதே என்று அதையே அடிக்காதீர்கள். அவர் வெயில் வேறு, உங்கள் வெயில் வேறு.

மொரீஷியஸில் அக்கா வீட்டுக்கும் இதையே சொல்லலாமா?

பெரும்பாலும் சொல்லலாம். ஆனால் மொரீஷியஸும் ரீயூனியனும் 20, 21 பாகையில் இருப்பதால், நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் அங்கே தலையைத் தாண்டிக் கொஞ்சம் தெற்கே போய்விட்டு வரும். மற்ற மாதங்களில் வடக்குதான்.

பகலில் பிடித்த நிறம் இரவில் வேறாகத் தெரிகிறதே?

பல்பைப் பாருங்கள். பெட்டியில் கெல்வின் என்று ஒரு எண் இருக்கும். 2700 என்றால் மஞ்சள் வெளிச்சம். அதில் ரெயின்வாஷ்டின் நீலம் அடங்கி நல்ல பச்சையாகும், சீ சால்ட் சந்தனம் கலந்த பச்சையாகும். 6500 என்றால் வெள்ளை நீலம். அதில் ரெயின்வாஷ்டு குழந்தைத் தொட்டில் நீலமாகிவிடும், சீ சால்ட் ஆஸ்பத்திரிச் சுவராகிவிடும். நடுவே 3000, 4000 கிடைக்கின்றன. நிறம் பிடிக்கவில்லை என்று திரும்பி வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது பல்பைத்தான். 5 லிட்டர் பெயிண்டை விட நான்கு பல்பு மலிவு.

2023இல் ஆறாம் கட்ட மின்வெட்டு நடந்த நாட்களில் ஒரு அம்மா வந்து, “லோட்ஷெட்டிங் நேரத்தில் மட்டும் என் ஹால் கடலுக்கடியில் இருக்கிறது போலத் தெரிகிறது” என்றார். பேட்டரி விளக்குகள் பல 6500 ரகம், அது ஒரு காரணம். இன்னொரு காரணம் நம் கண். வெளிச்சம் மிகவும் மங்கும்போது கண் சிவப்பை விட்டுவிட்டு நீலப்பச்சைப் பக்கம் கூர்மையாகிறது. இன்றைய செக் நாட்டைச் சேர்ந்த புர்கின்யே என்பவர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைக் கவனித்து எழுதினார். அந்தி நேரத்தில் செம்பருத்தி கறுத்துப்போய் இலை மட்டும் துலக்கமாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்களே, அதுதான். ரெயின்வாஷ்டு அடித்த அறையில் விளக்குப் போடாமல் ஆறு மணிக்கு உட்கார்ந்து பாருங்கள். எனக்கு அந்த நேரத்து ரெயின்வாஷ்டு ரொம்பப் பிடிக்கும்.

சுவரில் கொஞ்சம் அடித்துப் பார்த்து முடிவு செய்யலாமா?

செய்யலாம், ஆனால் கையகலத்துக்கு அடித்துப் பார்ப்பது வீண். பழைய சுவர் பீச் நிறமாக இருந்தால், அதற்கு நடுவே இருக்கும் எந்தச் சாம்பல்பச்சையும் நீலமாகத்தான் தெரியும். கண் அப்படித்தான் ஏமாற்றும்.

நான் சொல்லும் முறை இது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்கும் பெரிய வெள்ளை அட்டை இரண்டு வாங்குங்கள். சின்ன சாம்பிள் டப்பா இரண்டு. அட்டை முழுக்க விளிம்பு வரை இரண்டு கோட்டு அடித்து ஒரு நாள் காயவிடுங்கள். ஈரத்தில் வெளிறித் தெரிவது காய்ந்தபின் ஒரு படி அடர்ந்துவிடும், அதனால் அவசரப்பட்டுத் தீர்ப்பு சொல்லாதீர்கள். பிறகு அட்டையை ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு நாள், ஜன்னலை ஒட்டிய சுவரில் ஒரு நாள், மூலையில் ஒரு நாள் ஒட்டுங்கள். காலை, மத்தியானம், விளக்குப் போட்டபின் என்று பாருங்கள். முக்கியமாக, இரண்டு அட்டையையும் சேர்த்து ஒட்டாதீர்கள். சேர்ந்திருந்தால் ஒன்று மற்றதைக் கெடுக்கும். சீ சால்ட் பாவம் வெறும் சாம்பலாகிவிடும், ரெயின்வாஷ்டு அளவுக்கு மீறி நீலமாகிவிடும். வீட்டில் இரண்டும் சேர்ந்து இருக்கப் போவதில்லையே.

போன் படத்தை வைத்துக் கலந்து தருவீர்களா?

போன் திரையை மெஷினின் கண்ணில் வைத்து ஸ்கேன் செய்யச் சொன்னவர்கள் உண்டு. அது நடக்காது. மெஷின் தன் விளக்கைப் பொருளின் மேல் பாய்ச்சி, திரும்பி வரும் வெளிச்சத்தைத்தான் அளக்கிறது. அட்டை, துணி, பெயர்ந்து விழுந்த பெயிண்ட் சில்லு என்று கையில் பிடிக்கும்படி ஏதாவது வேண்டும். ஒரு தடவை ஒருவர் மனைவியின் ரவிக்கைத் துணியைக் கொண்டுவந்தார். நல்ல மயில் கழுத்து, பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். திருப்பித் திருப்பி வைக்க மெஷின் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு நிறம் சொன்னது. கடைசியில் இஸ்திரி போட்டு மடித்த விளிம்பை வைத்து ஒரு மாதிரி சமாளித்தோம்.

அதே கம்பெனி டப்பாதான் வேண்டுமா? பிளாஸ்கான், டியூலக்ஸில் கலந்தால் அதே நிறம் வருமா?

அந்தக் கம்பெனி டப்பாவைத் தேடி அலைய வேண்டாம், நீங்கள் தேடுவது நிறத்தை. பெயரையோ எண்ணையோ சொன்னால் இங்கே கிடைக்கும் பெயிண்டில் கலந்து தருவோம். மிக அருகில் வரும். ஆனால் ‘அதே’ என்று சத்தியம் செய்ய மாட்டேன். அவர்கள் பச்சை, கறுப்பு, மஞ்சள் சாயங்களை ஒரு விகிதத்தில் சேர்த்து அந்த நிறத்துக்கு வந்திருப்பார்கள். நாம் வேறு சாயங்களைச் சேர்த்து அதே இடத்துக்கு வருகிறோம். கடை விளக்கில் இரண்டும் ஒன்றாகத் தெரிந்து, வீட்டு விளக்கில் பிரிந்து போவது உண்டு. வெளிர் நிறத்தில் விழும் சாயம் மிகக் கொஞ்சம் என்பதால், ஒரு சொட்டு கூடினாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

அதனால் இரண்டு விஷயம். சாம்பிள் எந்தப் பெயிண்டில் அடித்தீர்களோ அதே பெயிண்டில் முழுதும் வாங்குங்கள். வாங்கும் டப்பாக்கள் எல்லாவற்றையும் ஒரு பெரிய வாளியில் ஒன்றாகக் கலக்கிவிட்டு ஆரம்பியுங்கள்.

பெயிண்டரிடம் நீலப்பச்சை என்று சொன்னால், இரண்டு டப்பாவையும் ஒரே பெயரால் சொல்கிறாரே?

அவர் பேசுவது இங்குள்ள ஜூலு மொழி என்றால் அதில் தப்பே இல்லை. ஜூலுவில் லுஹ்லாஸா என்ற ஒரே சொல் பச்சைக்கும் நீலத்துக்கும் பொது. பிரித்துச் சொல்ல வேண்டுமானால் ‘வானம் போன்ற லுஹ்லாஸா’, ‘புல் போன்ற லுஹ்லாஸா’ என்பார்கள். எங்கள் கடைக்கு வரும் வயதான பெயிண்டர் ஒருவரிடம் இரண்டு அட்டைகளையும் காட்டினேன். சீ சால்ட்டைப் பார்த்து, “பாபா, இது ஆட்டுக்கு மிச்சமான புல்” என்றார். ரெயின்வாஷ்டைப் பார்த்து, “இது மழை விட்ட வானம்” என்றார். ரெயின்வாஷ்டு என்றால் மழையில் கழுவியது என்று அர்த்தம், அது அவருக்குத் தெரியாது. கிட்டத்தட்ட அதையே சொல்லிவிட்டார்.

நாம் மட்டும் ரொம்ப ஒழுங்கா? பச்சைத் தண்ணீர் என்கிறோம், பச்சைக் குழந்தை என்கிறோம். காஞ்சிபுரத்தில் பெருமாளுக்குப் பச்சைவண்ணர் என்று பெயர் வைத்து ஒரு கோயில் இருக்கிறது. காலண்டரில் பார்த்தால் அதே பெருமாள் நீலம். பெயிண்டரிடம் வாயால் சொல்லாமல், டப்பா மூடியில் எண்ணையும் அறையையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

எங்கள் தரை சிவப்பு. சாமான்கள் எல்லாம் இம்பூயா மரம். எது ஒத்துப்போகும்?

சிவப்பு பாலிஷ் போட்ட தரையும் அடர்ந்த பழுப்பு நிற இம்பூயா அலமாரியும் இங்குள்ள பழைய தமிழ் வீடுகளில் நிறையவே உண்டு. சிவப்புக்குப் பக்கத்தில் எந்தப் பச்சையும் கூடுதல் பச்சையாகத் தெரியும். அதனால் சாம்பல் கலந்த சீ சால்ட்டே அங்கே போதும், மரத்தோடும் சண்டை போடாது. தரையில் நேர் வெயில் விழுகிற இடத்தில் மட்டும், சிவப்பு எதிரொளித்து சுவரின் கீழ்ப்பகுதி கொஞ்சம் மங்கலாகத் தெரியும். அது பெயிண்டின் குற்றம் இல்லை.

வெள்ளை டைல்ஸ், சாம்பல் சோபா என்று புதிதாகச் செய்த வீடானால் ரெயின்வாஷ்டு. சீ சால்ட் அங்கே போய்ச் சாம்பலோடு சாம்பலாகிவிடும். கதவுக்கும் ஜன்னல் திருட்டுத் தடுப்புக் கம்பிக்கும் சுத்த வெள்ளை வையுங்கள். ரெயின்வாஷ்டுக்குப் பக்கத்தில் கிரீம் நிறம் அழுக்காகத் தெரியும். ஜன்னலுக்கு வெளியே வாழையோ மாமரமோ நெருங்கி நின்றால், அந்த இலை வெளிச்சமே உள்ளே வந்து பச்சையைக் கூட்டிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

சமையலறைக்கு எது? மஞ்சள் கறை பிடிக்குமே?

இரண்டிலும் பிடிக்கும். இரண்டிலும் அசிங்கமாகத் தெரியும். நிறத்தை விடப் பெயிண்டின் ரகம்தான் இங்கே முக்கியம். பிவிஏ என்ற மலிவான, பளபளப்பில்லாத சுவர்ப் பெயிண்ட் அடித்தால் துடைக்கத் துடைக்க சுவரே கையோடு வரும். கழுவக்கூடிய, கொஞ்சம் பளபளப்புள்ள ரகமாக வாங்குங்கள். ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: அதே நிறம் பளபளப்பில் கொஞ்சம் வேறாகத் தெரியும், சுவரின் மேடு பள்ளமும் தெரியும். பட்டி பார்ப்பதை ஒழுங்காகப் பார்க்க வேண்டும்.

மஞ்சள் கறையில் என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஆட்டுக்கறி கொதித்துத் தெறித்ததில் அடுப்புக்குப் பின்னால் எட்டுப் பத்துப் புள்ளி. சோடா உப்பைக் குழைத்துத் தேய்த்தேன். கண்ணெதிரே மஞ்சள் புள்ளியெல்லாம் ரத்தச் சிவப்பாக மாறியது. ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்குமே, அதே சங்கதிதான். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்தால் திரும்ப மஞ்சளாகும். தெறித்த உடனே பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து மெல்லத் துடைப்பதுதான் நல்லது. மிஞ்சுகிற மஞ்சளை வெயில் பார்த்துக்கொள்ளும். வெளிச்சம் பட்டால் மஞ்சளின் நிறம் தானாக வெளுத்துவிடும். வடக்கு ஜன்னல் சமையலறைக்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள்.

சாமி மாடத்துக்கு?

ரெயின்வாஷ்டு. பித்தளைக் காமாட்சி விளக்கின் பொன் நிறம் நீலப்பச்சைக்கு முன்னால் எடுப்பாக நிற்கும். ஆனால் எண்ணெய் விளக்கும் கற்பூரமும் தினமும் எரிகிற இடத்தில் மூன்று மாதத்தில் கரி படியும். மாடத்துக்குப் பின்னால் ஒரு டைல்ஸோ கண்ணாடிப் பலகையோ வைத்துவிட்டு மிச்சச் சுவருக்கு நிறம் அடியுங்கள்.

வாஸ்துப்படி எது?

வாஸ்து பார்க்கிறவரிடம் இரண்டையும் பச்சை என்றே சொல்லுங்கள். ஜூலு பெயிண்டரிடம் கேட்டால் சாட்சி சொல்வார்.

குளியலறைச் சுவரில் கறுப்புப் புள்ளி வருகிறது. அதன் மேலேயே அடிக்கலாமா?

கூடாது. டர்பன் ஈரத்தில் அது பூஞ்சை. மேலே அடித்தால் ஒரு மழைக்காலத்தில் துளைத்துக்கொண்டு வந்துவிடும். முதலில் ப்ளீச்சைத் தண்ணீரில் கலந்து தடவுங்கள், இங்கே எல்லோரும் ஜிக் என்பார்கள். வேறு எந்தக் கிளீனரோடும் அதைச் சேர்க்காதீர்கள், விஷ வாயு வரும். கழுவி, நன்றாகக் காயவிட்டு, பிறகு அடியுங்கள். ஜன்னல் இல்லாத குளியலறையில் நிறம் முழுக்க முழுக்கப் பல்பின் கையில்தான் இருக்கிறது.

தீபாவளிக்கு முன்னால் அடித்து முடிக்க வேண்டும். எப்போது ஆரம்பிக்கலாம்?

எல்லோரும் புரட்டாசி விரதம் முடிந்த கையோடு கடைக்கு வருவார்கள். அப்போது இங்கே மழை ஆரம்பித்திருக்கும், காற்றில் ஈரம் ஏறியிருக்கும், பெயிண்டரும் கிடைக்க மாட்டார். டர்பனில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் காய்ந்த காலம். அப்போதே அடித்துவிடுவது நல்லது. இன்னொரு லாபமும் இருக்கிறது. தெற்கு அறையின் மோசமான முகத்தை அந்த மாதங்களில்தான் பார்க்க முடியும். ஜூனில் பிடித்த நிறம் டிசம்பரில் கண்டிப்பாகப் பிடிக்கும். மறுபக்கமாக நடந்ததற்கு நானே உதாரணம்.

புதிதாகப் பூசிய சுவரானால் ஒரு மாதமாவது காயவிட்டு, பிளாஸ்டர் பிரைமர் அடித்தபின் நிறத்துக்குப் போங்கள். புதுப்பூச்சின் காரம் நிறத்தைத் திட்டுத்திட்டாகக் கெடுக்கும்.

எத்தனை லிட்டர் வாங்க வேண்டும்?

நான்குக்கு மூன்றரை மீட்டர் அறை, உயரம் இரண்டரை மீட்டர் என்றால் கதவு, ஜன்னல் போக 34 சதுர மீட்டர் வரும். இரண்டு கோட்டுக்கு 68. லிட்டருக்கு 8 சதுர மீட்டர் என்று வைத்தால் எட்டரை லிட்டர். 5 லிட்டர் டப்பா இரண்டு வாங்குங்கள்.

பழைய பெயிண்டைச் சுரண்டிவிட்டு அடிக்கலாமா?

உதிர்கிற இடத்தை மட்டும். பழைய வீடுகளின் கதவு, ஜன்னல் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். தென்னாப்பிரிக்காவில் பெயிண்டில் பத்து லட்சத்துக்கு 600 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்று சட்டம் வந்ததே 2009இல்தான். உலர்ந்த சுவரில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். நனைத்துத் தேய்த்து, தூளைத் துணியால் ஒற்றி எடுங்கள். சின்னப் பிள்ளைகளை இரண்டு நாள் ஆயா வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

இரண்டையும் ஒரே வீட்டில் அடிக்கலாமா?

தாராளமாக. என் வீட்டில் இப்போது அப்படித்தான். வடக்கு பார்த்த ஹாலில் சீ சால்ட். நாள் முழுக்க வெயில், பச்சை உயிரோடு இருக்கிறது. பளீர் வெயிலில் கொஞ்சம் வெளுத்து வெள்ளைச் சுவர் போலவே ஆகிவிடும், எனக்கு அது பரவாயில்லை. வெயிலிலும் நிறம் நிற்க வேண்டும் என்கிறவர்கள் அங்கேயும் ரெயின்வாஷ்டு அடிக்கலாம். மானம் போன தெற்கு அறையில் ரெயின்வாஷ்டு. நடுவே ஒரு கதவு வெள்ளையாக இருந்தால் போதும். இரண்டு நிறமும் ஒரே மூலையில் சந்திக்கும்படி மட்டும் வைக்காதீர்கள், கலக்கும்போது தப்பு நடந்துவிட்டது என்று வருகிறவர்கள் நினைப்பார்கள்.

மிச்சமான பெயிண்டை என்ன செய்வது?

ஊறுகாய் பாட்டிலில் விளிம்பு வரை ஊற்றி இறுக மூடி வையுங்கள். சாவி கீறியது, ஆணி பிடுங்கியது என்று தொட்டு அடிக்க உதவும். மூடியில் நிறத்தின் பெயர், எண், எந்தப் பெயிண்டில் கலந்தது, எந்த அறை, எந்த மாதம் என்று எழுதுங்கள். ‘பச்சை’ என்று மட்டும் எழுதிய பாட்டில் ஒன்று எங்கள் கராஜில் எட்டு வருடமாக இருக்கிறது. அது எந்த அறையுடையது என்று எனக்கும் தெரியவில்லை, என் மனைவிக்கும் தெரியவில்லை.